வெளியே விற்றாலும் 27 சதவீதம்

2024 ஜனவரி 16 அன்று ஆப்பிள், அதன் மீது வழக்குத் தொடுத்த விளையாட்டு நிறுவனம் எபிக் கேம்ஸ் ஆகிய இரு தரப்பின் மனுக்களையும் விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. செயலிக்குள் வெளி இணையதளத்துக்கு வழி காட்டக் கூடாது என்ற ஆப்பிளின் தடை அத்துடன் முடிவுக்கு வந்தது. அதே நாளில் ஆப்பிள் புதிய கட்டணம் ஒன்றை அறிவித்தது. செயலியிலுள்ள இணைப்பைத் தொட்டு வெளியே போகும் வாடிக்கையாளர் 7 நாளுக்குள் அந்த இணையதளத்தில் வாங்கும் எண்ணிமப் பொருளின் விலையில் 27 சதவீதம் ஆப்பிளுக்குச் சேர வேண்டும். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மிகாத சிறு நிறுவனங்களுக்கு 12 சதவீதம். ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோருக்குள்ளேயே விற்றிருந்தால் முறையே 30, 15. ஆக, கடையை விட்டு வெளியேறியதற்குக் கிடைத்த தள்ளுபடி இரு பிரிவினருக்கும் 3 சதவீதப் புள்ளி.

இந்த 3 புள்ளியின் மதிப்பு என்ன? கடைக்குள் விற்றால் அட்டைப் பரிவர்த்தனைச் செலவை ஆப்பிளே ஏற்கிறது. வெளியே விற்றால் அது விற்பவர் தலையில் விழும். அமெரிக்காவில் ஸ்டிரைப் போன்ற பணப் பரிமாற்ற நிறுவனங்களின் வழக்கமான விகிதம் 2.9 சதவீதமும் அதற்கு மேல் விற்பனை ஒன்றுக்கு 30 சென்ட்டும். 9.99 டாலர் சந்தாவை எடுத்துக்கொள்வோம். உள்ளே விற்றால் கமிஷன் 3.00 டாலர். வெளியே விற்றால் ஆப்பிளுக்கு 2.70, அட்டைக்கு 0.59, கூட்டினால் 3.29 டாலர். வெளியேறியவர் 29 சென்ட் கூடுதலாகக் கொடுக்கிறார்.

விலை கூடக் கூட நிலைமை மாறுமா என்றால், மாறும், மிக மெதுவாக. 99.99 டாலர் ஆண்டுச் சந்தாவுக்கு உள்ளே 30.00 டாலர், வெளியே 27.00 + 3.20 = 30.20 டாலர். இரண்டும் சமமாகும் விலையைக் கணக்கிடுவது எளிது: 3 சதவீதத் தள்ளுபடியில் 2.9 சதவீதம் அட்டைக்குப் போக மிஞ்சும் 0.1 சதவீதம், 30 சென்ட்டுக்கு ஈடாக வேண்டும். விடை 300 டாலர். அதற்குக் கீழே உள்ள எந்த விலையிலும் வெளியே விற்பது நட்டம். 99 சென்ட் விளையாட்டுக் காசுக்கு உள்ளே 30 சென்ட், வெளியே 60 சென்ட்.

சிறு நிறுவனங்களுக்கு இதே 29 சென்ட் இன்னும் கனமாக இறங்குகிறது. 9.99 டாலரில் அவர்கள் உள்ளே கொடுப்பது 1.50 டாலர், வெளியே 1.20 + 0.59 = 1.79 டாலர். பெரிய நிறுவனத்துக்குச் செலவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. சிறியவருக்கு 19 சதவீதம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 2024 மே மாத விசாரணை வரை, சுமார் 1,36,000 நிறுவனங்களில் வெளி இணைப்புக்கு விண்ணப்பித்தவை 34. விகிதம் 0.025 சதவீதம். அந்த 34-லும் 17 நிறுவனங்கள் அதுவரை செயலிக்குள் எதையும் விற்காதவை. மீதி 17 என்றால் 0.0125 சதவீதம், அதாவது 8,000-க்கு ஒன்று. இந்த அளவுக்கு ஆள் வராத சலுகையைச் சலுகை என்று அழைப்பது கடினம்.

வழக்கு தொடங்கிய இடமும் ஒரு விலைப் பட்டியல்தான். 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் இரண்டு விலைகளை அருகருகே வைத்தது: 1,000 வி-பக்ஸ் ஆப்பிள் வழியே 9.99 டாலர், எபிக்கிடம் நேரடியாக 7.99 டாலர். அன்றே ஆப்பிள் விளையாட்டைக் கடையிலிருந்து நீக்கியது. ஆப்பிள் வழியே எபிக்குக்குக் கிடைப்பது 6.99 டாலர். நேரடி விற்பனையில், மேற்சொன்ன அட்டை விகிதப்படி 53 சென்ட் போக 7.46 டாலர். ஆப்பிளுக்குப் போயிருக்க வேண்டிய 3.00 டாலர் எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள்: வாங்கியவருக்கு 2.00, எபிக்குக்கு 0.47, அட்டை நிறுவனத்துக்கு 0.53. தரகு இல்லாத இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு விலைக் குறைப்பாக வாடிக்கையாளரை அடைந்தது. எபிக் தன் நலனுக்காகவே அப்படிச் செய்தது என்றாலும் கணக்கு மாறாது.

2021 செப்டம்பர் 10 அன்று நீதிபதி இவோன் கொன்சாலெஸ் ராஜர்ஸ் அளித்த தீர்ப்பில் எபிக்கின் 10 குற்றச்சாட்டுகளில் 9 தள்ளுபடியாயின. ஒப்பந்தத்தை மீறியதற்காக, 2020 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நேரடியாக வசூலித்த 1,21,67,719 டாலரில் 30 சதவீதத்தை ஆப்பிளுக்குச் செலுத்த உத்தரவாயிற்று. அது மட்டும் 36.5 லட்சம் டாலர். நவம்பர் முதல் தீர்ப்பு நாள் வரையிலான வசூலுக்கும் அதே விகிதம். எபிக் 60 லட்சம் டாலர் கட்டியது. கடைக்கு வெளியே முடிந்த விற்பனைக்கு நீதிமன்றமே வசூலித்துக் கொடுத்த தரகு அது. எபிக் வென்ற அந்த ஒரு குற்றச்சாட்டுதான் வெளி இணைப்புத் தடை பற்றியது. 27 சதவீதக் கதை முழுவதும் அதிலிருந்து கிளைத்தது.

2025 ஏப்ரல் 30-இல் அதே நீதிபதி, ஆப்பிள் தன் உத்தரவை வேண்டுமென்றே மீறியது என்று கூறி, அது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பில் என் கவனத்தை இழுத்தவை இரண்டு. ஒன்று, வெளியே விற்பவருக்கு ஆகும் செலவு 3 சதவீதத் தள்ளுபடியை மிஞ்சும் என்பது ஆப்பிளின் உள் ஆவணங்களிலேயே இருந்தது. மற்றொன்று, 27 சதவீதத்தைத் தாங்கிப் பிடிக்க ஆப்பிள் காட்டிய வெளி ஆலோசனை நிறுவனத்தின் ஆய்வறிக்கை 2024 ஜனவரிக்கு உரியது. கட்டணத்தின் முக்கிய அம்சங்களோ 2023 ஜூலையிலேயே முடிவாகிவிட்டன. விடையை எழுதிய ஆறு மாதத்துக்குப் பிறகு வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. இது குறித்து ஆப்பிளின் நிதித் துறைத் துணைத் தலைவர் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பொய் சொன்னார் என்றும் தீர்ப்பு பதிவு செய்தது. கமிஷன் 27-இலிருந்து 0 ஆனது. சில நாட்களில் அமேசானின் கிண்டில் செயலியில் புத்தகம் வாங்க வெளி இணைப்புப் பொத்தான் வந்தது. மே 20 அன்று ஃபோர்ட்நைட் அமெரிக்க ஐபோன்களுக்குத் திரும்பியது.

பூஜ்யம் நிலைக்கவில்லை. 2025 டிசம்பரில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவமதிப்பை உறுதி செய்தது. ஆனால் எக்காலத்துக்கும் எந்தக் கமிஷனும் கூடாது என்ற பகுதியை ஏற்கவில்லை. இணைப்பு வழி விற்பனைக்கு உண்மையில் தேவைப்படும் நியாயமான செலவையும், அறிவுசார் சொத்துக்கு ஓரளவு ஈட்டையும் ஆப்பிள் கேட்கலாம் என்று கூறி, விகிதத்தை நிர்ணயிக்கக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 0-க்கும் 27-க்கும் நடுவில் எங்கோ ஓர் எண்.

நெதர்லாந்தில் இதே 27, அமெரிக்காவில் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அந்நாட்டு நுகர்வோர், சந்தை ஆணையம் இணை தேடும் செயலிகளுக்கு வேறு பணப் பரிமாற்ற வழியை அனுமதிக்குமாறு ஆப்பிளுக்கு உத்தரவிட்டது. 2022 பிப்ரவரியில் ஆப்பிள் அனுமதித்தது, 27 சதவீதத்துக்கு. உத்தரவை முழுமையாக ஏற்காததற்கு வாரம் 50 லட்சம் யூரோ வீதம் 10 வாரம் தண்டம் ஏறி, உச்சவரம்பான 5 கோடி யூரோவைத் தொட்டது. ஆப்பிளின் 2021 நிதியாண்டு வருவாய் 36,580 கோடி டாலர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லட்சம் டாலர். ஒரு வாரத் தண்டம் சுமார் 8 நிமிட வருவாய்க்குச் சமம்.

தென்கொரியா இதற்காக 2021 ஆகஸ்ட் 31-இல் சட்டமே இயற்றியது. கூகுள் அங்கே 4 புள்ளி குறைத்தது: 30 இருந்த இடத்தில் 26, 15 இருந்த இடத்தில் 11. பின்னர் ஆப்பிளும் 26 என்றது. ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் தூரம் போயிருக்கிறது. வெளி விற்பனைக்கு வழி காட்ட விடாததற்காக 2025 ஏப்ரலில் 50 கோடி யூரோ தண்டம் விதித்த பிறகு, ஜூனில் ஆப்பிள் தன் கட்டணத்தை மூன்றாகப் பிரித்தது: புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்ததற்கு 2, கடைச் சேவைக்கு 5 அல்லது 13, தொழில்நுட்பத்துக்கு 5 சதவீதம். கூட்டினால் 12 முதல் 20 வரை. ஒரே கடை, ஒரே மென்பொருள், ஒரே மாதிரியான வெளி விற்பனை. கட்டணமோ அமெரிக்காவில் 27 ஆகி 0 ஆனது, கொரியாவில் 26, ஐரோப்பாவில் 12 முதல் 20. செலவை வைத்து நிர்ணயித்த விலை நாட்டின் எல்லையில் இந்த அளவுக்கு மாறாது. மாறுவது ஒழுங்குமுறையாளரின் அழுத்தம்தான் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

இந்தியாவில் இதே போன்ற சர்ச்சை கூகுளுடன்; அதன் மையம் சென்னை. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்தும் மேட்ரிமோனி.காம் நிறுவனம் இங்குதான் இயங்குகிறது. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், செயலி விற்பனையாளர்கள் கூகுளின் பில்லிங்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதிக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு 5 நாள் முன்பு, ஆண்ட்ராய்டு தொடர்பான வேறொரு வழக்கில் விதித்தது 1,337.76 கோடி ரூபாய். முதலாவது கூகுளின் விற்றுமுதலில் 7 சதவீதம், இரண்டாவது 10 சதவீதம். 936.44-ஐ 7-ஆலும் 1,337.76-ஐ 10-ஆலும் வகுத்து 100-ஆல் பெருக்கினால் இரண்டும் ஏறத்தாழ 13,377 கோடியில் வந்து நிற்கின்றன. இரு அபராதங்களும் ஒரே விற்றுமுதலின் மீது கணக்கிடப்பட்டவை என்பது அதிலிருந்து தெரிகிறது. பில்லிங் வழக்குக்கு அத்தனை விற்றுமுதலும் பொருந்தாது, கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோரின் வருவாய் மட்டுமே பொருந்தும் என்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச் 28-இல் கூறியது. அபராதம் 216.69 கோடியாக, அதாவது பழைய தொகையில் 23.1 சதவீதமாகச் சுருங்கியது.

ஆணையத்தின் உத்தரவை கூகுள் கொரிய முறையிலேயே நிறைவேற்றியது. வேறு பில்லிங் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தால் 4 புள்ளி குறையும். 2023 ஏப்ரல் 26 முதல் விகிதம் 11 அல்லது 26 சதவீதம். வரி நீங்கலாக 1,000 ரூபாய்த் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், கூகுள் பில்லிங்கில் 15 சதவீதக்காரருக்கு 150 ரூபாய் செலவு. வேறு வழியில் 110 ரூபாயும், பணப் பரிமாற்ற நிறுவனத்துக்கு வழக்கமான 2 சதவீதமான 20 ரூபாயும் சேர்த்து 130. மிச்சம் 20 ரூபாய். 30 சதவீதக்காரருக்கு 300 எதிர் 280. மிச்சம் அதே 20. அமெரிக்காவைப் போல இங்கே நட்டமில்லை. இங்கே விற்பனைக்கு 30 சென்ட் என்ற நிலையான பகுதி இல்லை. யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் கட்டணம் 2020 ஜனவரி முதல் பூஜ்யம். ஆனாலும் 1,000 ரூபாயில் 20 ரூபாய்க்காகத் தனிப் பில்லிங் அமைப்பை நிறுவி, ஒவ்வொரு விற்பனையையும் கூகுளுக்குக் கணக்குக் காட்டும் வேலையை எத்தனை நிறுவனம் ஏற்கும்?

மேட்ரிமோனி.காமின் 2023-24 நிதியாண்டு வருவாய் ஏறத்தாழ 480 கோடி ரூபாய். நிகர லாபம் 50 கோடிக்குச் சற்றுக் குறைவு. 100 ரூபாய்க்கு மிஞ்சுவது சுமார் 10 ரூபாய். ஆண்ட்ராய்டு செயலி வழியே வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 11 ரூபாய் போனால் அந்த விற்பனையின் லாபம் கரைகிறது. 26 ரூபாய் போனால் 16 ரூபாய் கையைக் கடிக்கும். மென்பொருள் நிறுவனத்துக்கு இது கமிஷன். திருமணத் தகவல் நிறுவனம் போல ஊழியரும் கிளைகளும் வைத்து நடத்தும் தொழிலுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

கூகுளின் பதில் கணக்கும் பொருட்படுத்தத்தக்கது. பிளே ஸ்டோரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் கட்டணம் செலுத்த வேண்டியவை 3 சதவீதம். 15 சதவீதத்துக்கு மேல் செலுத்துபவை 60 மட்டுமே என்று 2024 மார்ச்சில் அது சொன்னது. 60 என்பது 2 லட்சத்தில் 0.03 சதவீதம். 97 சதவீதத்தினர் ஒன்றும் கொடுக்காமல் கடையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதே எண்ணை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம்: கடையின் முழுச் செலவையும் லாபத்தையும் 3 சதவீதத்தினர் சுமக்கிறார்கள். ஆப்பிளிலும் இதே அமைப்புதான். 2021 தீர்ப்பின்படி ஆப் ஸ்டோர் வருவாயில் 70 சதவீதம் விளையாட்டுகளிலிருந்து வருகிறது. அதைக் கொடுப்பவர்கள் வாடிக்கையாளர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு.

கூகுளின் கட்டணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்குகள் பலவும் எண்ணைத் தொடாமலே முடிந்தன. இவை போட்டி ஆணையத்தின் வரம்பில் வருபவை என்று நீதிபதி எஸ்.சௌந்தர் 2023 ஆகஸ்ட்டில் அவற்றைத் தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரி 19-இல் மேல்முறையீடும் தோற்றது. விதிவிலக்கு டிஸ்னி ஹாட்ஸ்டார்: 2023 ஜூலையில் அதன் வழக்கில், செயலியை நீக்கக் கூடாது, கூகுள் தற்காலிகமாக 4 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. மேலே சொன்ன 1,000 ரூபாய்க் கணக்கில் அது 40 + 20 = 60 ரூபாய். 130-இல் பாதிக்கும் கீழ்.

2024 மார்ச் 1 அன்று, கட்டணம் செலுத்தாத 10 நிறுவனங்களின் மீது நடவடிக்கை என்று அறிவித்து கூகுள் செயலிகளை நீக்கத் தொடங்கியது. பாரத் மேட்ரிமோனி அவற்றில் ஒன்று. ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். மார்ச் 5-இல் செயலிகள் திரும்பின. கட்டணம் தள்ளுபடியாகவில்லை: முழுத் தொகைக்கும் பில் அனுப்புவோம், செலுத்தும் கெடுவை மட்டும் நீட்டிக்கிறோம் என்றது கூகுள். மார்ச் 15-இல் போட்டி ஆணையம் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டு, 60 நாளில் அறிக்கை கேட்டது.

தரகு கேட்பதே தவறு என்று இந்த எண்கள் சொல்லவில்லை. சென்னையில் வீட்டுத் தரகர் வாங்குவது ஒரு மாத வாடகை. 11 மாத ஒப்பந்தத்தில் 9.1 சதவீதம். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அவர் வருவதில்லை. அப்வொர்க் என்ற பணித் தளமும் வெளியேறும் விலையை முன்கூட்டியே சொல்கிறது: தளத்தில் அறிமுகமானவர்கள் 24 மாதத்துக்குள் நேரடியாக வேலை பேசிக்கொள்ள விரும்பினால், மதிப்பிட்ட ஓராண்டு ஊதியத்தில் 13.5 சதவீதத்தை ஒருமுறை கட்ட வேண்டும். மணிக்கு 20 டாலர், ஆண்டுக்கு 2,080 மணி என்றால் 5,616 டாலர். கூடுதல் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது ஒருமுறை. அதற்குப் பிறகு கணக்கு முடிந்தது. செயலிக் கடையின் கட்டணத்துக்கு அப்படி ஒரு முடிவு நாள் இல்லை.

செலவுப் பக்கத்தில் வெளிவந்த எண்கள் குறைவு, வந்தவை எல்லாம் வழக்கின் கட்டாயத்தில் வந்தவை. ஆப் ஸ்டோரின் 2019 இயக்க லாப விகிதம் 75 சதவீதத்துக்கு மேல் என்று எபிக்கின் நிபுணர் மதிப்பிட்டார். கடைக்கெனத் தனி லாபக் கணக்கு வைப்பதில்லை என்று ஆப்பிள் மறுத்தது. கூகுளின் 2019 செயலிக் கடை வருவாய் 1,120 கோடி டாலர், இயக்க லாபம் 700 கோடி டாலர் என்று அமெரிக்க மாநிலங்களின் வழக்கு மனு கூறியது. அது 62.5 சதவீதம். இந்த விகிதத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் 30 ரூபாய்க் கமிஷனில் கடையின் செலவு 11.25 ரூபாய். வெளியே முடியும் விற்பனையில் பணப் பரிமாற்றச் செலவும் அதிலிருந்து கழியும்.

போட்டி ஆணையத்தின் முன் இப்போதுள்ள கேள்வி 30 சதவீதம் அதிகமா என்பதல்ல. 30-க்கும் 26-க்கும் இடையிலுள்ள 4 எங்கிருந்து வந்தது என்பதே. அமெரிக்க நீதிமன்றம் 3 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த ஆவணங்களைக் கேட்டு வாங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. இந்திய ஆணையமும் பிளே ஸ்டோரின் இந்தியச் செலவுக் கணக்கை ஆண்டுவாரியாகப் பெற்று, வணிக ரகசியப் பகுதிகள் நீங்கலாகத் தன் உத்தரவிலேயே வெளியிட வேண்டும்.